அறுபது கிலோவுக்குச் சற்று மேல்

குதைபியா சாலை மருந்தகம், இரவு எட்டரை.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பக்கெட்.
டாக்டர் லுல்வாவின் சீட்டு என் கையில்:
தாளம் தப்பித் துடிக்கும் நெஞ்சுக்கு
இரத்தம் உறையாதிருக்க மாத்திரை,
காலை ஒன்று, இரவு ஒன்று,
இரண்டரை மில்லிகிராம்.

கவுண்டருக்கு அப்பால் பெரியவர்.
சட்டைப் பையில் இரண்டு பேனா,
முழங்கையில் ஆறாத நீலம்.
பழைய மாத்திரை இவரோடு ஒத்துப்போகவில்லை.
மாதம் இருமுறை குத்திப் பார்த்தார்கள்;
நோன்பு மாதத்தில் எண் ஏறியது,
முருங்கைக்கீரை தின்ற வாரம் இறங்கியது.
ஒருநாள் பல் துலக்கிய நுரை சிவந்து
சல்மானியாவில் மூன்று இரவு.
ஆகவே புதியது.
விலை கூட. கீரையோடு பகையில்லை.

சரிபார்ப்பது என் வேலை.
வயது எண்பதைத் தொட்டால் ஒன்று.
எடை அறுபதோ அதற்குக் கீழோ என்றால் ஒன்று.
இரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்றரை ஆனால் ஒன்று.
மூன்றில் இரண்டு சேர்ந்தால் பாதி அளவு,
இல்லாவிட்டால் முழுசு.
கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டு.
எடை ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு.
வயது எண்பத்தொன்று.
சரிதான், பாதி.

"எண்பத்தொண்ணா? நம்பவே முடியல"
என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.
அவர் திரும்பிப் பார்த்தார்.
பின்னால் இருமல் மருந்து அலமாரிதான்.

"அது நான் இல்லம்மா."

நெய்னா முகம்மது அவருடைய காக்கா.
இவர் பிறக்குமுன்பே காய்ச்சலில் போன பிள்ளை.
பிறந்ததை எழுதியவர்கள் இறந்ததை எழுதவில்லை.
அறுபத்தைந்தில், பதினேழு வயதுக்கு வேலை இல்லையென்று
ஏஜென்ட் கைவிரித்தபோது
வாப்பா பெட்டியடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.
பம்பாயில் கப்பலேறியது மீரா லெப்பை,
மனாமாவில் இறங்கியது நெய்னா முகம்மது.
முதல் சம்பளம் வளைகுடா ரூபாய்,
பிறகு தினார்,
எல்லாம் காக்கா கையெழுத்தில்.
"நிக்காஹ் அன்னிக்கு மட்டும் என் பேரு.
எழுதிராதீங்க, விசா இருக்கு."

எழுபத்தேழு.
அப்படியானால் மூன்றில் ஒன்றுதான்.
இந்தப் பாதி மாத்திரை
ஒருபோதும் எண்பதாகாத ஒரு குழந்தைக்கு எழுதியது.
விட்ட மறுபாதியின் வழியே
ஒரு மிளகளவு கட்டி புறப்பட்டு
இவருடைய வலப்பக்கத்தை அணைத்துவிட்டுப் போகலாம்.
முழுசாய்க் கொடுத்தால்?
முழங்கை நீலம் என்னையே பார்க்கிறது.
குளியலறைத் தரைகள் வழுக்கும்.
குறைத்தால் அடைப்பு, கூட்டினால் கசிவு.
என் படிப்பில் இதற்கு அட்டவணை உண்டு,
காக்காவுக்குக் கட்டம் இல்லை.

டாக்டரை அழைத்தேன்.
அளவை மாற்றக் காரணம் கேட்டார்.
பார்க்க வயது குறைவாகத் தெரிகிறார் என்றேன்,
அசட்டுத்தனமாக.
மறுமுனையில் குழந்தை அழுதது, கதவு சாத்தப்பட்டது.
பிறகு நிதானமாக,
"எடையை இன்னொரு தடவை பாருங்கள்."

தராசில் ஏறினார்.
செருப்பைக் கழற்றக் குனிந்தவரிடம்
வேண்டாம் என்றேன்.
செருப்பு, கடைச் சாவிக்கொத்து, கைப்பேசி,
இரண்டு பேனா,
பையில் கனக்கும் அந்தப் பாஸ்போர்ட்டும் சேர்ந்து
அறுபது புள்ளி மூன்று.

தட்டச்சினேன். திரை மறுக்கவில்லை.
டாக்டரின் புதிய சீட்டு வந்தது: ஐந்து மில்லிகிராம்.
பதினைந்து வருடத்தில்
ஒரு கிராமும் நான் கூட்டிப் போட்டதில்லை.

மென்மையான பிரஷ் வாங்கச் சொன்னேன்.
தலையில் அடிபட்டால், வலிக்காவிட்டாலும்,
உடனே ஆஸ்பத்திரி என்றேன்.
ஒருவேளைகூட விடக்கூடாது என்றேன்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.
பெட்டியில் ஒட்டும் தாளில்
அச்சு இயந்திரம் காக்காவின் பெயரை அடித்தது.

அவர் போன பிறகுதான் கவனித்தேன்:
தராசின் மேல் சாவிக்கொத்து.
வாசலுக்கு ஓடினேன்.
"நெய்னா முகம்மது!"
நடந்துகொண்டே இருந்தார்.
இன்னொரு பெயரும் எனக்குத் தெரியும்,
தெருவில் கூப்பிடத்தான் முடியாது.
சாவியைக் குலுக்கினேன்.
அந்தச் சத்தத்துக்குத்
திரும்பினார்.